ஒன்பது புள்ளி எட்டு

என் வாழ்நாளில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை "தொடாதே" என்பதுதான். கட்டிய மனைவியிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்டதைவிட அதை அதிகமாகச் சொல்லியிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, அவள் இப்போது கிளீவ்லாண்டில் வேறொருவனோடு நிம்மதியாக இருக்கிறாள். போகட்டும். கையைக் கழுவாமல், துடைக்காமல் ஒருவன் பழைய காமிக்ஸைத் தொட வந்தால் எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வரும். அது என் தொழில். அதற்கு நான் என்ன செய்ய?

ஈரி நகரத்தில், பதினெட்டாம் தெருவில், சலவைக் கடைக்குப் பின்னால் என் பட்டறை இருக்கிறது. ஒரு நீள மேசை, ஒரு விளக்கு, டி-ஷர்ட்டில் படம் ஒட்டுவார்களே அந்த மாதிரி ஒரு சூட்டு பிரஸ். அவ்வளவுதான் சொத்து. எங்கெங்கிருந்தோ காமிக்ஸ் வரும். ரப்பர்த் தூளால் அழுக்கெடுப்பேன். லேசாக ஈரப்பதம் காட்டி, பிரஸ்ஸில் வைத்து, மடிப்பையும் நெளிவையும் நீவி எடுப்பேன். பிறகு கிரேடிங் கம்பெனிக்கு அனுப்புவேன். அவர்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துச் சீல் போட்டு அனுப்புவார்கள். பத்துக்குப் பத்தெல்லாம் கனவில் வாங்க வேண்டியது. எல்லோரும் உயிரை விடுவது ஒன்பது புள்ளி எட்டுக்குத்தான். ஒன்பது புள்ளி ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஒரு மயிரிழை. என் கண்ணுக்குத் தெரியும். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

போன மார்ச்சில், பனி இன்னும் ஓரங்களில் கருத்துப்போய்க் கிடந்தபோது, லொரெட்டா குபியாக் பட்டறைக்கு வந்தாள். லிங்கன் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை. அவளும் நானும் ஒரே சர்ச். ஆனால் அவள் என் பட்டறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் மகன் கர்ட்தான் இங்கேயே கிடப்பான். ரொட்டிக் கம்பெனி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இருபத்தாறு வயது. ஜனவரியில் பஃபலோ பக்கம் பனிப்புயலில் லாரி சறுக்கிப் பாலத்துச் சுவரில் மோதிப் போய்விட்டான். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன்.

குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுக்கு ஒம்பது புள்ளி எட்டு வாங்கித் தரணும் வெர்ன்."

உள்ளே பார்த்தேன். 'சாம்பல் மாலுமி' முப்பத்தொன்றாம் இதழ். எனக்குத் தெரியாதா அதை! கர்ட் அதைக் குழந்தையைப் போல வைத்திருந்தான். "யோவ் பெரிசு, இது எட்டுய்யா. ஒம்பது புள்ளி எட்டு. எழுதி வெச்சுக்கோ" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். "அனுப்பேன்டா" என்றால் மாட்டான். "ஆறுன்னு வந்துட்டா என் மூஞ்சிய நான் எங்க வெச்சுக்கறது" என்று சிரிப்பான். அந்த இதழின் பின்னட்டை முழுக்க வெள்ளை. ஒரு மூலையில் மட்டும் குட்டியாக சைக்கிள் விளம்பரம். நாற்பது வருஷமாக அந்த வெள்ளை வெள்ளையாகவே இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

"ஆறு வந்தாலும் நல்ல மார்க்குதான் லொரெட்டா," என்றேன்.

"ஆறு வேண்டாம். அவன் எட்டுன்னு சொன்னான்." உறையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினாள். "நான் சிரிச்சேன். அவன் சொன்னது சரின்னு ஆகணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்லிக்கொண்டே அந்த உறையைத் தடவக் கையை நீட்டினாள். என் வாய் சும்மா இருக்குமா?

"தொடாத!"

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "அவனும் இப்படித்தான் கத்துவான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் பழுதில்லை. முதுகில் சுருக்கம் இல்லை, தைத்த கம்பிகளில் துரு இல்லை, மூலைகள் நான்கும் கூர்மை. திருப்பிப் போட்டு விளக்கைச் சாய்த்தேன். எங்கள் தொழிலில் அதுதான் பரீட்சை. விளக்கை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால் தாளில் இருக்கும் மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழும்பிவிடும்.

எழும்பியது. பின்னட்டை நெடுக எழுத்துத் தடம். மையில்லை, ஒன்றுமில்லை, வெறும் பள்ளம். யாரோ இதன் மேல் ஒரு தாளை வைத்துப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். ஏழெட்டு வரி இருக்கும். "எந்த மடையன்டா இது!" என்று வாய்விட்டே திட்டினேன். கர்ட் செய்திருக்கமாட்டான். அவனுக்கு முன்னால் வைத்திருந்த எவனோ செய்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதைக்கூடக் கவனிக்காமலா எட்டு எட்டு என்று குதித்தான் என்று அவன் மேல் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் அதைப் படிக்கவில்லை. படிக்கும் ஆளில்லை நான். இருபது வருஷத்தில் எத்தனையோ புத்தகங்களில் இந்த மாதிரித் தடம் பார்த்திருக்கிறேன். முகவரி, கூட்டல் கணக்கு, போன் நம்பர். எனக்கு அவை எழுத்தே இல்லை, பழுது. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்வு, தாளின் நார் கிழிந்திருக்கிறதா, சூடு எவ்வளவு தாங்கும், இவ்வளவுதான் கண்ணில் படும். தச்சனுக்கு மரத்தில் முடிச்சு தெரிகிற மாதிரி.

மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். முதல் தடவையிலேயே மேலே உள்ள வரிகள் போய்விட்டன. இரண்டாவதில் நடு வரிகளும் போயின. கடைசி வரி மட்டும் அசைவேனா என்றது. மூன்றாம் தடவை ஈரப்பதத்தைக் கூட்டி, நேரத்தைக் கூட்டி, வெளிறிப்போகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ள பிரஸ்ஸை மூடினேன். திறந்து விளக்கைச் சாய்த்தால் வெள்ளை வெளேரென்று கிடந்தது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். "டேய் கர்ட், எட்டுடா!" என்று காலிப் பட்டறையில் கத்தினேன். கண் கலங்கிவிட்டது.

ஜூன் கடைசியில் கம்பெனியிலிருந்து பெட்டி வந்தது. பிரித்தேன். கூட்டின் மேல் பட்டியில் 9.8. லொரெட்டாவுக்குப் போன் போட்டேன். பள்ளி விடுமுறை என்பதால் அரை மணியில் வந்துவிட்டாள். கையில் காகிதப் பையில் சூடாக, இறைச்சித் துண்டை மாவில் பொதிந்து சுட்ட பெப்பரோனி உருண்டை வேறு. கூட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"இப்ப தொடலாமா?"

"இப்ப நீ உருட்டி விளையாடலாம்."

அவள் எண்ணைப் பார்த்தாள். விரலால் அந்த எட்டைத் தடவினாள். "சொன்னானே," என்றாள். "சொன்னானே பாவி. நான்தான் கேலி பண்ணேன்." அழுகையும் சிரிப்புமாக அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? என் கெட்ட நேரம், என் தற்பெருமை. எந்த வேலையை எப்படி முடித்தேன் என்று சொல்லிக் காட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"லேசா வரலை இந்த எட்டு," என்று ஆரம்பித்தேன். "நான் மட்டும் இல்லேன்னா ஆறுகூடத் தேறியிருக்காது, தெரியுமா? பின்னட்டை பூரா எழுத்துத் தடம். எவனோ புத்திகெட்டவன் இது மேல பேப்பரை வெச்சு எழுதியிருக்கான். மூணு நாள் போராடினேன். பாரு, தடயமே இல்ல. சுத்தமா வழிச்சு எடுத்துட்டேன்!"

அவள் சிரிப்பு நின்றது.

"என்ன எழுத்து?"

"எழுத்துன்னா... பேனா அழுத்தின பள்ளம். ஏழெட்டு வரி."

"பின்னாடியா? வெள்ளையிலயா?"

"ஆமா."

அவள் கூட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"அது கர்ட் எழுதினது, வெர்ன்."

பிறகு அவள் சொன்னது இதுதான். இதுவரை ஒரு உயிரிடமும் அவள் சொல்லாதது. கர்ட் இறந்த அன்று காலையில் சண்டை. வீட்டை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று அவன் காமிக்ஸ் பெட்டிகளை அவள் நிலவறைக்கு இறக்கிவிட்டாள். நிலவறையில் ஈரம். அவன் பதறிப்போய் ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறான். "இருபத்தாறு வயசாச்சு, பொம்மை பேப்பருக்கு அழறியே, நீயெல்லாம் ஆம்பளையா" என்று அவள் மேலேயிருந்து கத்தினாள். அவன் நிலவறைப் படியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வெள்ளைப் பின்னட்டை தெரியக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஏதோ ரசீதுத் தாளைப் போட்டு எழுதிக்கொண்டிருந்ததை அவள் சமையலறையிலிருந்து பார்த்தாள். எழுதியதை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

"நான் படிக்கல," என்றாள். "கோவம். கிழிச்சு சிங்க்ல போட்டு, அதுக்குக் கீழ குப்பையை அரைக்கிற மெஷினை ஓட்டிட்டேன். போ, உன் கடுதாசி யாருக்கு வேணும்னு. சாயங்காலம் நாலு மணிக்கு போலீஸ்காரங்க கதவைத் தட்டினாங்க."

கர்ட் எழுதியது. புத்தகத்தின் மேல் மூச்சுக்கூடப் படாமல் பார்த்துக்கொண்டவன், அதை மடியில் போட்டு எழுதியிருக்கிறான். என்ன செய்கிறோம் என்று தெரியாத அளவுக்கு அன்று அவன் மனசு கலங்கியிருக்கிறது. அந்த ஏழெட்டு வரிகளும் என் விளக்கு வெளிச்சத்தில், என் கண் முன்னாலேயே மூன்று நாள் கிடந்திருக்கின்றன.

லொரெட்டா என் சட்டையைப் பிடித்தாள். "நீ பாத்தியே. என்ன எழுதியிருந்தான்?"

கண்ணை மூடி யோசித்தேன். ஆழம் ஞாபகம் இருந்தது. சாய்வு ஞாபகம் இருந்தது. இரண்டாம் வரியில் ஒரு இடத்தில் பேனா வழுக்கியிருந்ததுகூட ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வரவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள் என்று அப்போது தோன்றியது. பிடித்துக்கொள்ள அவளுக்கு ஏதாவது வேண்டாமா?

"மன்னிச்சுடும்மான்னு... அப்படித்தான் ஆரம்பிச்சிருந்தான். உன் மேல எனக்குக் கோவம் இல்லம்மான்னு..."

அவள் என் சட்டையை விட்டாள்.

"அவன் என்னைக்கு மன்னிப்புக் கேட்டான், வெர்ன்? மூணு வயசுலேருந்து கேட்டதில்ல. என்னை மாதிரி." குரல் தாழ்ந்துவிட்டது. "பொய் சொல்லாத. நீ நல்லவன். எனக்குப் பொய் வேண்டாம்."

"நான் படிக்கல லொரெட்டா," என்றேன். "சத்தியமா படிக்கல. எனக்கு அது பழுதாத்தான் தெரிஞ்சுது."

"நானும் படிக்கல," என்றாள் அவள்.

பெப்பரோனி உருண்டை பையிலேயே ஆறிப்போயிற்று.

ஏதாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தேன். கிரேடிங் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏன் மார்க் குறைத்தார்கள் என்று ஒரு குறிப்புப் போட்டு வைப்பார்கள். ஒன்பது புள்ளி எட்டு வந்துவிட்டால் நான் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அன்று பார்த்தேன். ஒரே வரி: பின்னட்டை, கீழ்ப் பகுதி, மிக மெல்லிய அழுத்தத் தடம்.

"இன்னும் ஏதோ இருக்கு," என்றேன். "முழுசாப் போகல. அந்தப் புள்ளி ரெண்டு குறைஞ்சது அதுக்குத்தான்."

"காட்டு."

"கூட்டை உடைச்சாத்தான் தெரியும். உடைச்சா இந்த எட்டு போச்சு. திரும்ப அனுப்பினாலும் வருமான்னு சொல்ல முடியாது."

அவள் கூட்டை எடுத்து எட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"உடை."

ஸ்க்ரூ டிரைவரை மூலையில் வைத்து நெம்பினேன். பிளாஸ்டிக் பட்டென்று விட்டது. கையைக் கழுவினேன், துடைத்தேன், புத்தகத்தை எடுத்துக் கவிழ்த்துப் போட்டேன். நடுப்பகலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் படுக்கவைத்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் தோளோடு தோளாகக் குனிந்தாள். மேலே ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். என் கையை வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது. விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன்.

கீழே, விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, ஒரு கோடு எழும்பியது. ஒரு அங்குல நீளம். இரண்டு தடவை இழுத்த கோடு. ஏதோ ஒரு வார்த்தைக்கு அடியில் போட்ட கோடு. வார்த்தை இல்லை. கோடு மட்டும் இருந்தது.

"இதுதானா?" என்றாள் லொரெட்டா.

"இதுதான்."

"இது மட்டும் ஏன் போகல?"

"மூணு தடவை பிரஸ்ல வெச்சேன். போயிடுச்சுன்னுதான் நெனச்சேன். ரொம்ப அழுத்திப் போட்டிருக்கான்."

அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். "சின்னதுல கிறிஸ்துமஸுக்கு வேணுங்கிறதை எல்லாம் வரிசையா எழுதுவான். முழ நீளத்துக்கு. அதுல ஒண்ணே ஒண்ணுக்குக் கீழதான் கோடு இருக்கும். மத்தது எதுவும் இல்லாட்டிப் பரவாயில்ல, இது கண்டிப்பா வேணும்னு அர்த்தம். நான் அதை மட்டும் பாத்து வாங்கிட்டு வந்துடுவேன்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அறுபது வயதுக்காரி, குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எதுக்குக் கீழ கோடு போட்டான், வெர்ன்?"

"தெரியல லொரெட்டா."

அவள் கட்டைவிரலை நீட்டினாள். கழுவாத கை. பெப்பரோனி உருண்டை சுட்ட எண்ணெய் பிசுபிசுவென்று மின்னிக்கொண்டிருந்த விரல். நாற்பது வருஷத்து வெள்ளையின் மேல், அந்தக் கோட்டின் மேல், விரலை வைத்து இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவினாள். திரும்பவும் தடவினாள். வெள்ளையில் அவள் ரேகை எண்ணெய்க் கறையாகப் படிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கோடு மறைந்துவிடாமல் விளக்கைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.